பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி: சேலத்துப் பட்டறை, ஆலை, எஸ்டேட் முதலாளிகள் திரும்பத் திரும்பக் கேட்பவை

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர், இளம்பிள்ளையில் தறி போட்டிருப்பவர், ஏற்காட்டில் காபித் தோட்டத்தோடு தங்கும் விடுதியும் நடத்துபவர். தொழில் வேறு வேறு, சந்தேகம் மட்டும் ஒன்றுதான்: பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), கிராஜுவிட்டி (பணிக்கொடை). அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றோடு முரண்படாத பழைய விதிகளும் திட்டங்களும் இடைக்காலத்துக்குத் தொடர்கின்றன. அந்த மாற்றம் எங்கே கை வைக்கிறதோ அங்கே மட்டும் சொல்கிறோம்.

எத்தனை ஆள் இருந்தா பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டாயம்? நம்மகிட்ட நிரந்தர ஆளு எட்டு பேர்தான்.

இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப்.க்கு 20 பேர். "நிரந்தர ஆள்" என்று சட்டம் எங்கேயும் பிரிக்கவில்லை. தினக்கூலி, வாரக்கூலி, கான்ட்ராக்டர் கொண்டுவந்த ஆள், சம்பளம் வாங்கும் மைத்துனர், வாசலில் இருக்கும் வாட்ச்மேன், எல்லோரும் கணக்கில் வருவார்கள். முதலாளியும் பங்குதாரர்களும் வர மாட்டார்கள். எட்டு நிரந்தர ஆள், பாலிஷ் போட வரும் நான்கு தினக்கூலி என்றால் இ.எஸ்.ஐ. உங்களுக்கு வந்துவிட்டது.

ஒருமுறை உள்ளே வந்த பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. இருபது பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள் என்று பி.எஃப்.ஐ நிறுத்துபவர்கள் நிறைய. இரண்டு மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது, அத்தனை மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கு வரும்.

ஒரு ஆளுக்கு மாசம் கையைக் கடிக்கறது எவ்வளவு?

அடிப்படைச் சம்பளமான பேசிக்கும், அகவிலைப்படியான டி.ஏ.வும் சேர்ந்து 12,000 ரூபாய் என்று வையுங்கள். தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,440. உங்கள் பங்கும் 1,440தான், ஆனால் அது இரண்டாகப் பிரியும்: 8.33 சதவீதமான 1,000 ரூபாய் பென்ஷனுக்கு, மீதி 440 பி.எஃப். கணக்குக்கு. இதற்கு மேல் இன்சூரன்ஸ் 0.5 சதவீதம், நிர்வாகக் கட்டணம் 0.5 சதவீதம், தலா 60. ஆக உங்கள் கையில் இருந்து 1,560. நிர்வாகக் கட்டணம் மட்டும் நிறுவனத்துக்கு மாதம் 500 ரூபாய்க்குக் குறையாது. சின்னப் பட்டறைகளில் சலான் (மாதத் தொகையைக் கட்டும் சீட்டு) எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வருவது இதனால்தான்.

இ.எஸ்.ஐ.யில் உங்களுக்கு 3.25, தொழிலாளிக்கு 0.75 சதவீதம். ஊதியம் 14,500 என்றால் 471.25-ம் 108.75-ம் வரும். அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றி 472, 109 என்று கட்ட வேண்டும். பி.எஃப்.பில் அருகில் உள்ள ரூபாய், இ.எஸ்.ஐ.யில் எப்போதும் மேல் ரூபாய். மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே விதியைப் போட்டுவிட்டால் மாதா மாதம் ஐந்து பத்து ரூபாய் இடிக்கும்.

பதினஞ்சாயிரத்துக்கு மேல சம்பளம் குடுத்தா பி.எஃப். வேண்டாம்தானே?

பாதி சரி. வேலைக்குச் சேரும் நாளிலேயே பி.எஃப். ஊதியம் 15,000-க்கு மேல் இருந்து, அதற்கு முன் எங்கேயும் பி.எஃப். உறுப்பினராக இல்லாதவர் என்றால்தான் விலக்கு. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரை விட முடியாது. அவருக்கு 15,000 வரை மட்டும் கணக்கிட்டு, மாதம் 1,800 பிடித்தால் போதும். 14,000-ல் சேர்ந்து பிறகு 18,000 ஆனவரும் உள்ளேதான் இருப்பார். சேரும்போதே படிவம் 11 (முன்பு உறுப்பினரா என்று தொழிலாளி எழுதித் தருவது) வாங்கி வைக்காவிட்டால், "இவர் முன்பு உறுப்பினர் இல்லை" என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு, 15,000-க்கு மேற்பட்ட ஊதியத்தில் முதன்முதலாக பி.எஃப்.பில் சேருபவருக்குப் பென்ஷன் திட்டம் கிடையாது. உங்கள் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போக வேண்டும். 58 வயது தாண்டியவருக்கும் அப்படியே. ஆனால் மென்பொருள் வழக்கம்போல 1,250-ஐப் பென்ஷனில் போட்டுக்கொண்டே இருக்கும். பணம் எடுக்கும் நாளில்தான் இது வெடிக்கும், திருத்த மாதங்கள் ஆகும்.

ஆளுங்களே "பிடிக்காதீங்க, கைல குடுங்க"ன்னு சொல்றாங்க. எழுதி வாங்கிக்கிட்டா போதுமா?

போதாது. சட்டப்படி வருவதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத் தொழிலாளிக்கே உரிமை இல்லை. அந்தத் தாள், உங்களுக்கு விஷயம் தெரிந்தும் கட்டவில்லை என்பதற்குச் சாட்சியாக மட்டும் பயன்படும். பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கைப் பின்னால் அவர் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. இரண்டு பங்கும் உங்கள் தலையில்.

மறுப்பவர்களிடம் பென்ஷனைப் பற்றிப் பேசினால் காதில் ஏறாது. உறுப்பினராக இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு இன்சூரன்ஸில் 7 லட்சம் வரை வரும் என்பதையும், இ.எஸ்.ஐ.யில் மனைவி, பிள்ளை, சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு என்பதையும் சொல்லுங்கள். அது ஏறும்.

ஆதார்ல ஒரு பேரு, பேங்க்ல ஒரு பேரு. யு.ஏ.என். எடுக்கவே முடியல, என்ன பண்றது?

யு.ஏ.என். என்பது கம்பெனி மாறினாலும் மாறாத, தொழிலாளியின் பி.எஃப். எண். இங்கே வரும் சிக்கலில் பாதி இனிஷியலால் வருவது. ஒரே ஆள் ஆதாரில் "பி முருகேசன்", வங்கிப் புத்தகத்தில் "முருகேசன் பி", பான் அட்டையில் இனிஷியலை விரித்து "முருகேசன் பழனிசாமி". ஆங்கிலத்தில் எழுதும்போது "ழ" ஓர் அட்டையில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. கணினிக்கு இவர்கள் மூன்று பேர்.

வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் ஆதாரைச் சரி செய்வது, பிறகு வங்கி, கடைசியில் பி.எஃப். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். அவசரத்தில் அரைகுறையாகத் திருத்தி அந்த வாய்ப்பைத் தீர்த்துக்கொள்ள வேண்டாம். பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதைப் பார்த்தே திருத்தச் சொல்லுங்கள். பதிவு செய்யும்போது ஆதாரில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட அப்படியே அடியுங்கள். "அழகாக" மாற்றி அடிக்கும் ஆபீஸ் பையன்தான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

2025 ஆகஸ்ட் 1 முதல் புதிய யு.ஏ.என். எடுப்பது உமங் என்ற அரசுச் செயலியில் முகத்தைக் காட்டித்தான். தொழிலாளியே தன் ஆதார் எண்ணோடு, ஆதாரில் பதிந்த கைபேசி எண்ணையும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். அந்தக் கைபேசி ஊரில் தம்பியிடம் இருக்கும், ஓ.டி.பி. அங்கே போகும். ஆகவே வேலைக்குச் சேரும் முதல் நாளே இதை முடித்துவிடுங்கள். சம்பள நாளுக்கு முந்தைய நாள் வரை தள்ளினால் அந்த மாதச் சலானில் அவர் பெயர் வராது. வேறு கம்பெனியில் ஏற்கெனவே யு.ஏ.என். இருந்தால் அதே எண்ணில் சேருங்கள், இரண்டாவது எண் எடுக்க வேண்டாம்.

பயோமெட்ரிக் மெஷினும் சாஃப்ட்வேரும் வாங்கிட்டோம். இனி எல்லாம் தானா நடக்கும்ல?

கூட்டல் கழித்தல் தானாக நடக்கும். அதிகாரி வந்தால் பார்ப்பது மூன்று: வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், சலான். இந்த மூன்றிலும் ஆள் எண்ணிக்கையும் நாள் கணக்கும் ஒத்துப் போக வேண்டும். முன்பெல்லாம் மஸ்டர் நோட்டில் பதினெட்டுப் பேரை மட்டும் எழுதி வைத்தவர்கள் உண்டு. இப்போது மெஷினில் இருபத்தாறு விரல் பதிந்திருக்கிறது, சலானில் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்றால் எட்டுப் பேருக்கான சாட்சியை நீங்களே காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறீர்கள்.

அமைப்பில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, இரவு ஷிப்ட். பத்து மணிக்கு உள்ளே வந்து காலை ஆறுக்கு வெளியே போகிறவரை, நள்ளிரவில் நாள் மாறும் அமைப்பு "முதல் நாள் வெளியேறவில்லை, மறுநாள் உள்ளே வரவில்லை" என்று படித்து இரண்டு ஆப்சென்ட் போடும். ஷிப்ட் முடியும் நேரத்தை மறுநாளோடு கட்டிவிட வேண்டும். இரண்டு, ரேகை. கொலுசுக்கு மெருகு போடுபவர்களுக்கும், சேகோ ஆலையில் நாள் முழுவதும் ஈரத்தில் நிற்பவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்திருக்கும். அங்கே முகம் பார்க்கும் மெஷின்தான் சரி. மூன்று, சம்பளம் இல்லாத நாள். சலான் கோப்பில் என்.சி.பி. என்று ஒரு பத்தி வரும். சம்பளம் கிடைக்காத நாட்களை அதில் போட வேண்டும். வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் அதில் வராது. மென்பொருள் ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணினால் தொழிலாளியின் பென்ஷன் சர்வீஸ் குறைந்துகொண்டே போகும்.

சலான் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். ஆளுக்கு ஒரு வரி, பதினொரு தகவல், நடுவில் #~# என்ற குறி. எக்ஸெலில் திறந்து ஒரு எண்ணைத் திருத்திச் சேமித்தால், பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். சுருங்கிக் கெட்டுவிடும், கோப்பு ஏறாது. அந்தப் பத்தியை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள், அல்லது திருத்தத்தை மென்பொருளிலேயே செய்து புதுக் கோப்பு எடுங்கள்.

பேசிக்கைக் குறைச்சு அலவன்ஸ ஏத்திட்டா பி.எஃப். கம்மியாகும்னு ஆடிட்டர் சொன்னாரே?

அந்த வழி 2019 பிப்ரவரியிலேயே பாதி அடைபட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாதா மாதம் கொடுக்கும் அலவன்ஸ், பேரை என்ன வைத்தாலும் பேசிக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய சட்டத் தொகுப்பு மீதியையும் அடைத்தது. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்ற, ஊதியக் கணக்கில் சேராத விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேசிக் 8,000, வாடகைப்படி 10,000, போக்குவரத்துப்படி 4,000, மொத்தம் 22,000. விலக்கு 14,000, பாதி 11,000, தாண்டியது 3,000. ஆக ஊதியம் 8,000 அல்ல, 11,000. பி.எஃப். 960-க்குப் பதில் 1,320 ஆகும். கிராஜுவிட்டியும் 11,000-ல்தான். "ஸ்பெஷல் அலவன்ஸ்", "இதர படி" என்று பேர் போட்டவை விலக்குப் பட்டியலிலேயே இல்லை. அவை முழுதாக ஊதியம். இதோடு, தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் டி.ஏ. ஏப்ரல் 1 தோறும் மாறும். மென்பொருளில் அதை மாற்ற மறந்தவர்களின் பட்டியல், அலவன்ஸ் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் அங்கே சிக்கும்.

கொலுசு வேலைய வீட்டுக்குத்தான் குடுத்து அனுப்பறோம், கூலி எடைக்கு. அவங்களுக்குமா?

எடைக் கூலி, பீஸ் ரேட் என்பதால் மட்டும் யாரும் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. வெள்ளி யாருடையது, டிசைன் யார் கொடுப்பது, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும் உரிமை யாருக்கு என்று பார்ப்பார்கள். வீட்டில் பீடி சுற்றுபவர்கள் பற்றிய வழக்கில் எண்பதுகளிலேயே உச்ச நீதிமன்றம், தரமில்லாததைத் தள்ளும் உரிமையே கட்டுப்பாடுதான் என்று சொல்லி, அவர்களை பி.எஃப்.புக்குள் கொண்டுவந்தது.

நிலைமை இரண்டு வகை. ஒருவர் சொந்தப் பட்டறை வைத்து, சொந்த ஆள் போட்டு, நான்கு வியாபாரிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து பில் போடுகிறார் என்றால் அவர் தனித் தொழில். உங்கள் வெள்ளியை மட்டும் வாங்கி, உங்களுக்கு மட்டும் பற்ற வைத்துத் தரும் குடும்பம் என்றால் வாதம் உங்களுக்குச் சாதகமாக இராது. எப்படியானாலும் வெள்ளி கொடுத்த எடை, திரும்பிய எடை, கூலி, யாருக்கு என்ற நோட்டை ஒழுங்காக வைத்திருங்கள்.

சேகோ ஃபேக்டரி சீசன்ல மட்டும்தான் ஓடுது. சீசன் ஃபேக்டரிக்கு இ.எஸ்.ஐ. இல்லைன்னு சொல்றாங்களே?

சட்டத்தில் "பருவகால ஆலை" என்பதற்குப் பட்டியல் உண்டு. பஞ்சு அரைவை, கடலை உடைப்பு, காபி, தேயிலை, ரப்பர், சர்க்கரை, வெல்லம், அவுரி, அரக்கு இவை பெயர் சொல்லி இருக்கின்றன. ஜவ்வரிசி அதில் இல்லை. மரவள்ளி வரத்து இல்லாத மாதங்களில் ஆலை நிற்கிறது என்பதால் மட்டும் விலக்கு வந்துவிடாது. காபிக் கொட்டை பதப்படுத்தும் ஆலைக்காரர் சொல்வதைக் கேட்டுச் சேகோக்காரர் நடந்துகொண்டால் மாட்டிக்கொள்வார்.

பி.எஃப்.பில் ஆலை நிற்கும் மாதத்துக்கும் கணக்கு உண்டு. ஆளே இல்லாவிட்டாலும் குறைந்தபட்ச நிர்வாகக் கட்டணம் 75 ரூபாய் கட்ட வேண்டும். சின்னத் தொகைதான், விட்டுவிட்டால் "இந்த மாதம் ஆள் இருந்தார்களா, மறைத்தீர்களா" என்ற கேள்விக்கு இடமாகும்.

ஏற்காட்டுல எஸ்டேட்டும் இருக்கு, ரிசார்ட்டும் இருக்கு. ரெண்டையும் தனித்தனியா காட்டலாமா?

தோட்டத்துக்கும் விடுதிக்கும் சட்டம் வேறு வேறு. காபி, மிளகுத் தோட்டங்கள் பி.எஃப்.புக்குள் வரும். இ.எஸ்.ஐ. தோட்டங்களுக்குக் கட்டாயம் இல்லை, முதலாளி விரும்பினால் சேரலாம் என்று புதிய தொகுப்பு வழி வைத்திருக்கிறது. ரிசார்ட் அப்படி இல்லை, 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ. பார்க்க வேண்டும்.

சிக்கல் பி.எஃப். எண்ணிக்கையில். எஸ்டேட்டில் பதினான்கு பேர், ரிசார்ட்டில் ஒன்பது பேர், இரண்டும் இருபதுக்குக் கீழே என்று நினைப்பீர்கள். ஒரே முதலாளி, ஒரே கணக்குப் பிள்ளை, ஒரே வங்கிக் கணக்கில் இருந்து சம்பளம், காபி பறிப்பு முடிந்ததும் அதே ஆட்கள் ரிசார்ட்டில் தோட்ட வேலை என்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 23 என்று எண்ணிவிடுவார்கள். பறிப்புக்கு வரும் சீசன் ஆட்களும் முதல் கேள்வியில் சொன்னபடி கணக்கில் உண்டு.

ஜூன்ல இன்க்ரிமென்ட் போட்டோம், ஊதியம் 21,000 தாண்டிடுச்சு. இ.எஸ்.ஐ. நிறுத்திட்டோம், சரிதானே?

தவறு. இ.எஸ்.ஐ. அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். இடையில் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும்வரை, அதுவும் முழு ஊதியத்துக்கும் கட்ட வேண்டும். ஜூனில் 22,400 ஆனால் செப்டம்பர் வரை 22,400-க்கே. மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000.

புது ஆளைச் சேர்த்த அன்றே இ.எஸ்.ஐ.யில் பதியுங்கள். வேலையில் அடிபட்டால் முதல் நாளாக இருந்தாலும் பலன் உண்டு. விபத்து நடந்த பிறகு அவசரமாகப் பதிந்தால், பதிவான நேரமே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

அஞ்சு வருஷம் ஆகலைன்னா கிராஜுவிட்டி இல்லதானே?

பொதுவாக ஐந்து வருடம். விதிவிலக்குகள்தான் காசு கேட்கும். வேலையில் இருக்கும்போது இறந்தாலோ முடமானாலோ ஐந்து வருடக் கணக்கு இல்லை. காலவரம்பு ஒப்பந்தத்தில் எடுத்தவருக்குப் புதிய தொகுப்பில் ஒரு வருடம் போதும். நான்கு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. வருகைப் பதிவு நாள் கணக்கு இங்கேயும் வரும்.

கணக்கு எளிது. கடைசி மாத ஊதியம் 18,200, சர்வீஸ் 7 வருடம் 8 மாதம். ஆறு மாதம் தாண்டினால் முழு வருடம், ஆக 8. 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் 700, பதினைந்து நாளுக்கு 10,500, எட்டு வருடத்துக்கு 84,000. முப்பது நாளில் கொடுக்க வேண்டும். 26-க்குப் பதில் 30-ஆல் வகுக்கும் தவறு பழைய எக்ஸெல் தாள்களில் சர்வ சாதாரணம்.

தீபாவளிக்கு எல்லாருக்கும் பத்தாயிரம் குடுத்துடறோம். போனஸ் கணக்கு அதோட முடிஞ்சதா?

வவுச்சரில் "தீபாவளி இனாம்" என்று எழுதியிருந்தால் முடியவில்லை. 20 பேர் உள்ள இடத்தில், மாதம் 21,000 வரை வாங்குபவருக்குக் குறைந்தது 8.33 சதவீதம், மேல்வரம்பு 20. கணக்கிட 7,000 அல்லது குறைந்தபட்ச ஊதியம், இதில் எது அதிகமோ அது. வருடத்தில் 30 நாள் வேலை செய்தவருக்கும் உண்டு. எந்த வருடத்துப் போனஸ், எத்தனை சதவீதம் என்று பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பத்தாயிரம், கணக்குப்படி வருவதைவிடக் குறைந்தால் மீதியையும் கொடுக்க வேண்டும்.

தறிக்காரர்கள் போனஸையும் சம்பளத்தையும் முன்பணத்தில் கழித்துக்கொள்வது வழக்கம். ஒரு சம்பளத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக்கூடாது.

சலான் பத்து நாள் லேட்டானா என்ன ஆகிடும்?

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் அடுத்த மாதம் 15-ம் தேதிதான் கெடு. பி.எஃப்.பில் வருடத்துக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் 2024 ஜூன் முதல் மாதத்துக்கு 1 சதவீத அபராதம். இது தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது வருமான வரியில் இருக்கிறது. தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால், அதைச் செலவாகக் கழிக்கவே முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. 2026 மார்ச் வரையிலான ஆண்டுகளுக்கு, 16-ம் தேதி கட்டினாலும் அந்தத் தொகை உங்கள் லாபமாகி வரி விழும். கடைசி நாளில் தளம் திணறும், 12-ம் தேதியே கட்டிவிடுங்கள்.

கான்ட்ராக்டர்தான் ஆள் தர்றார். பி.எஃப். அவர் பொறுப்புதானே?

முதலில் அவர், அவர் கட்டாவிட்டால் நீங்கள். பில்லோடு வெறும் சலான் நகலை வாங்கி வைப்பதில் பயன் இல்லை, அது அவருடைய வேறு இடத்து ஆட்களுக்கான சலானாக இருக்கலாம். பெயர்வாரிப் பட்டியலை வாங்கி, உங்கள் வாசல் மெஷினில் பதிந்த பெயர்களோடு ஒப்பிட்ட பிறகே பில்லைப் பாஸ் செய்யுங்கள்.

புது ஆள் சேர்த்தா அரசாங்கம் பணம் தருதாமே?

தருகிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு, கூடுதல் ஆள் ஒருவருக்கு மாதம் 3,000 வரை இரண்டு வருடத்துக்கு, உற்பத்தித் துறை என்றால் நான்கு வருடத்துக்கு. ஐம்பது பேருக்குக் கீழே உள்ள இடம் இரண்டு பேரையாவது, அதற்கு மேல் ஐந்து பேரையாவது கூடுதலாகச் சேர்த்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். பணம் பான் எண்ணோடு இணைந்த கணக்குக்கு வரும். பழைய ஆளை நீக்கிப் புது ஆள் என்று காட்டினால் கூடுதல் ஆகாது.

தொழில் வரி, லேபர் வெல்ஃபேர் ஃபண்ட் எல்லாம்?

தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, உள்ளாட்சிக்கு. சேலம் நகரில் மாநகராட்சி, ஏற்காட்டில் ஊராட்சி. அரையாண்டு வருமானம் 21,000 வரை கிடையாது, அதிகபட்சம் 1,250. வெல்ஃபேர் ஃபண்ட் டிசம்பர் சம்பளத்தில் பிடித்து ஜனவரி 31-க்குள் கட்டுவது. தொகை சிறியது, மறப்பது எளிது.

ஒரு பையன் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். கணக்கை அப்படியே விட்டுடலாமா?

விடாதீர்கள். கடைசி நாளைப் பதிவில் எடுத்து, பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியையும் காரணத்தையும் போடுங்கள். போடாவிட்டால் அவர் இன்னும் உங்கள் ஆள்தான், அடுத்த கம்பெனியில் அவர் கணக்கு மாறாது. கடைசிச் சலான் மாதத்துக்கு முந்தைய தேதியைப் போட்டுவிட்டால் திருத்தப் பெரும்பாடு. புதிய தொகுப்பின்படி, வேலை விட்டவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும், அவராகவே நின்றிருந்தாலும். வங்கிக் கணக்கு எண் உங்களிடம் இருக்கிறதே, "வந்து வாங்கிக்கட்டும்" என்று காத்திருக்காமல் அனுப்பிவிட்டு ரசீதைக் கோப்பில் வையுங்கள்.